மற்றதெல்லாம் ‘இல்லை’

காலை ஆறரைக்கு நர்ஸ் வந்து, "ராத்திரி ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் அம்மா.

"டீ, காபி?"

"இல்லை."

நர்ஸ் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். போர்வையை மடித்துக்கொண்டிருந்த மூத்த மகள் பெரியவளின் கையில் ஏதோ நறநறவென்று பட்டது. உதறினாள். பிஸ்கட் தூள்.

"அம்மா, இது என்ன?"

"பிஸ்கட்."

"ஒண்ணும் சாப்பிடலைன்னு இப்பத்தானே சொன்னே?"

"ராத்திரி சாப்பிட்டியான்னு கேட்டாங்க. இது விடிகாலை அஞ்சரைக்கு. அதுவும் மெல்லலை. வாயில ஊற வச்சு முழுங்கினேன்."

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள் அம்மா. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் விடை எழுத வேண்டும், கேட்காததை எழுதினால் மார்க் கிடையாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த விதியைத் தளர்த்தவில்லை.

பெரியவள் எழுந்து போய் நர்ஸிடம் உண்மையைச் சொன்னாள். நர்ஸ் மயக்க டாக்டருக்குப் போன் செய்தாள். வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஆறு மணி நேரமாவது போக வேண்டும் என்று பதில் வந்தது. காலையில் முதல் ஆளாக அறுவை அறைக்குள் போயிருக்க வேண்டிய அம்மா, மதியம் இரண்டு மணிக்குத் தள்ளப்பட்டாள்.

"ஒரே ஒரு பிஸ்கட்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பெரியவள் தூளைத் தட்டிவிட்டுப் போர்வையை மடித்து வைத்தாள். குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க யார் யாரோ காதுக்குள் கத்துவதைக் கேட்டு, "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன்" என்று சொல்கிற தொழில். இந்த மூன்று மாதமாக வீட்டிலும் அதே வேலைதான்.

விஷயம் இவ்வளவுதான். அம்மாவின் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஆடியது. பெரியவளின் கணவர் பல் டாக்டர். வீட்டு வைத்தியர் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று அவரே பிடுங்கினார். குழி மூடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் ஆயிற்று. ஈறு விலகி, உள்ளே மஞ்சளாக எலும்பு தெரிய ஆரம்பித்தது. வாய் நாறியது. கன்னம் வீங்கி வற்றி, மறுபடியும் வீங்கியது. புற்றுநோயாக இருக்குமோ என்று சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, அது இல்லை என்று தெரிந்த அன்றுதான் குடும்பம் மூச்சு விட்டது. மூச்சு வந்ததும் சண்டையும் வந்தது.

"அத்தான் அம்மா தாடையைக் கெடுத்துட்டார்" என்றான் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாதவன். தெருவெல்லாம் சொன்னான். பிறகு பல் டாக்டர்கள் மன்றத்தில் புகாரும் எழுதிப் போட்டான். போடுவதற்கு முன் அக்காவிடம் காட்டினான். "உனக்குச் சரின்னு பட்டதைச் செய்" என்று சொல்லிவிட்டாள் அவள். தடுக்கவில்லை. கணவரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

ஒன்பது மணிக்குத் தாடை அறுவை டாக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி. நெற்றியில் சின்ன விளக்கு. அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் வாயைப் பார்த்தார்.

"சர்க்கரை மட்டும் இருந்தா இது இவ்வளவு நாள் இழுக்காது" என்றார். "எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லை" என்றாள் அம்மா.

"போன தடவை வந்தப்பவும் கேட்டாங்க டாக்டர். இல்லைன்னுதான் எழுதியிருக்கு" என்றாள் பெரியவள்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

"எப்பவும் இல்லை."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "டீச்சரம்மா, மாத்திரை இல்லை, சரி. ஊசி? கையில டிரிப்ஸ் மாதிரி ஏத்துவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை."

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அது போட்டிருக்கேன்."

பெரியவள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"எத்தனை?" என்றார் டாக்டர்.

"நாலு. வருஷத்துக்கு ஒண்ணுன்னு. கடைசியா பல் பிடுங்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"அம்மா." பெரியவளின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எங்க போட்டே? யார் கூட்டிட்டுப் போனா?"

"பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் நானும் சேர்ந்து போவோம். அவங்களுக்கும் போடறாங்க. அரை மணி நேரம் ஏத்துவாங்க, பேசிக்கிட்டே இருந்துட்டு வந்துடுவோம்."

"எங்க யார்கிட்டயும் ஏன் சொல்லலை?"

"சொன்னா ஆளுக்கொரு கேள்வி கேப்பீங்க. எதுக்கு, ஏன், யாரைக் கேட்டே, தம்பிகிட்ட சொன்னியான்னு. வருஷத்துல ஒரு நாள் அரை மணி நேர வேலைக்கு அத்தனை விசாரணையா?"

டாக்டர் குறுக்கே கையை நீட்டி நிறுத்தினார். கோபப்படவில்லை. அலுத்துப்போன மனிதர்கள் பேசுகிற தன்மையான குரலில் விளக்கினார். அது நல்ல மருந்துதான். இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் உடையாமல் காப்பாற்றும். ஆனால் அதே மருந்து, பழைய எலும்பைக் கரைத்துப் புது எலும்பு கட்டுகிற வேலையை மந்தமாக்கிவிடும். தாடையில் பல்லைப் பிடுங்கிய இடத்தில் அந்த வேலை நடந்தால்தான் குழி ஆறும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, குழி மூடாமல் எலும்பு செத்துப்போகும்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா பல்லைப் பிடுங்காமலே சமாளிச்சிருக்கலாம். வேருக்கு வைத்தியம் பண்ணி விட்டிருக்கலாம். பிடுங்கித்தான் ஆகணும்னாலும் அதுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்றார் டாக்டர். "நான் இன்னிக்கு மேலோட்டமா சுத்தம் பண்ணலாம்னு இருந்தேன். இனி அது போதாது. ரத்தம் கசியற நல்ல எலும்பு வர்ற வரைக்கும் செத்ததை எடுக்கணும். ஈறை இழுத்து இறுக்கமா மூடணும். கீழ எலும்பு மெலிஞ்சிருந்தா தாடை உடையாம இருக்க தகடு வைக்க வேண்டி வரும். பல் பிடுங்கறதுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரே இருக்குமா?"

"என் வீட்டுக்காரர் கிளினிக்ல இருக்கும்."

"ஒரு மணிக்குள்ள கொண்டு வாங்க. ஆரம்பத்துல எலும்பு எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சா, எவ்வளவு எடுக்கலாம்னு முடிவு பண்ணலாம்."

ஆட்டோவில் போகும்போது பெரியவளின் மனசு ஒரு நிலையில் இல்லை. அம்மாவை என்ன செய்வது என்று பல்லைக் கடித்தாள். அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது, சொல்லிக்கொள்ளக் கூச்சமான ஒரு நிம்மதி. அப்படியானால் அவர் மேல் தப்பில்லை. ஊசியை மறைத்தது அம்மா. தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருப்பான், அங்கே சிக்னல் கிடைக்காது. ஐந்து முறை அடித்துவிட்டு, போனைப் பைக்குள் எறிந்தாள்.

கிளினிக் முதல் மாடியில் இருந்தது. முன்பெல்லாம் படிக்கட்டு வரை ஆள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஆறு நாற்காலியில் ஐந்து காலி. தம்பியின் வாய் செய்த வேலை. உள்ளே தடுப்புக்குப் பின்னால் கருவி சத்தம் கேட்டது. கணவர் யாருக்கோ பல்லை அடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவோட எக்ஸ்ரே வேணும். அவசரம்" என்றாள் உதவிப் பெண்ணிடம்.

"அவங்க ஃபைல் மட்டும் பீரோவுல இல்லைக்கா. டாக்டர் தன் மேஜை டிராயர்ல வச்சிருக்கார்."

பெரியவளே டிராயரைத் திறந்தாள். ஃபைலுக்குள் எக்ஸ்ரே இருந்தது. அதற்கு மேலே ஒரு தாள். புதிதாக வருகிறவர்கள் நிரப்பித் தர வேண்டிய படிவம். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, இதய நோய் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டா என்று பதினெட்டுக் கேள்விகள். சர்க்கரைக்கு மட்டும் ‘ஆம்’ கட்டத்தில் டிக். மற்றதெல்லாம் ‘இல்லை’.

பதினான்காவது கேள்வியில் கண் நின்றது. ‘எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்ததுண்டா?’ இல்லை.

இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது. அம்மாகூட இதற்குத் தப்பாகப் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

அப்புறம்தான் டிக்குகளைப் பார்த்தாள். மேல்நோக்கி வால் நீண்ட டிக்குகள். புகார்ப் படிவங்களில் தினம் நூறு போட்டுப் பழகிய டிக்குகள். கீழே கையெழுத்து, ‘நோயாளிக்காக, மகள்.’

அன்றைக்கு அம்மா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள். "ஒவ்வொண்ணா படி, சொல்றேன்" என்றாள். பெரியவளுக்கு ஆபீஸில் ஒரு மணி நேரம்தான் அனுமதி. இரண்டு கேள்வி படித்தாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் யோசித்து, திருத்தி, விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். "உனக்குச் சர்க்கரை மட்டும்தானேம்மா, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு மேலிருந்து கீழ் வரை வரிசையாக அடித்துக்கொண்டே போனாள். பதினைந்து நொடி ஆகியிருக்காது.

தடுப்புக்குப் பின்னாலிருந்து கணவர் வந்தார். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"அம்மா நாலு வருஷமா எலும்புக்கு ஊசி போட்டிருக்காங்க" என்றாள் அவள். "இன்னிக்குத்தான் சொன்னாங்க."

"நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். "ரெண்டாவது மாசமே சந்தேகம் வந்துச்சு. அத்தைகிட்ட கேட்டேன், மாத்திரை எதுவும் இல்லைன்னாங்க."

"இந்தப் படிவத்தை நான்தான் எழுதினேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு மாசத்துக்கு மேல நான் உங்ககிட்ட சரியாப் பேசலை. தம்பி தெருவுல நின்னு கத்தினான். நீங்க ஒரு தடவை இதை எடுத்து என் முகத்துல எறிஞ்சிருக்கலாமே?"

"எறிஞ்சா?" அவர் கையுறையை விரல் விரலாக உருவினார். "தப்பு எனக்கும்தான். படிவம் எவ்வளவு இருந்தாலும் டாக்டர் ஒரு தடவை வாயால கேக்கணும். முன்பின் தெரியாதவங்களா இருந்தா கேட்டிருப்பேன். அத்தைதானேன்னு விட்டுட்டேன். உன் கையெழுத்துதானேன்னு நம்பிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் குற்றச்சாட்டாக இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். சும்மா நடந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். எரிச்சலில் அவளுக்குக் கண் கரித்தது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இந்த மனிதரோடு பதினான்கு வருடமாக ஒரு நல்ல சண்டை போட முடிந்ததில்லை.

"எக்ஸ்ரேயைக் கொண்டு போ. படிவம் இங்கேயே இருக்கட்டும்" என்றார். சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம்.

"ஏன்?"

"அவங்களுக்கு எக்ஸ்ரே போதும்."

உள்ளேயிருந்து நோயாளி ஏதோ முனகினார். அவர் திரும்பிப் போனார். அவள் படிவத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு எக்ஸ்ரே டாக்டர் கையில் இருந்தது. ஒன்றரைக்கு அம்மாவின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். இருநூற்றுப் பத்து. "பிஸ்கட்" என்று கிண்டலாகச் சொன்னாள் நர்ஸ். இன்சுலின் ஏற்றிச் சரி செய்தார்கள். மயக்க டாக்டர் வந்து வாயை எவ்வளவு திறக்க முடிகிறது என்று விரல் வைத்து அளந்தார். வீக்கத்தால் இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. மூச்சு விடுவதற்கான குழாயை மூக்கு வழியாகச் செலுத்த வேண்டியிருக்கும் என்றார்.

"செயற்கைப் பல் ஏதாவது?"

"இல்லை" என்றாள் அம்மா.

பெரியவள் குறுக்கிட்டாள். "வேற பல் எதுவும் ஆடுதா? மூக்குல முன்னாடி ரத்தம் வந்திருக்கா? எப்பவாவது மயக்கம் குடுத்தப்ப வாந்தி வந்திருக்கா? கேக்காததும் சொல்லும்மா."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மேல முன்பல் ஒண்ணு லேசா ஆடுது" என்றாள். மயக்க டாக்டர் குறித்துக்கொண்டார்.

தள்ளுவண்டி வந்தது. பச்சைத் தொப்பிக்குள் தலைமுடியை ஒதுக்கிவிடும்போது பெரியவள் குனிந்து, "அன்னிக்குக் கிளினிக்ல படிவம் எழுதறப்ப ஊசியைப் பத்திச் சொல்ல வந்தியா?" என்று கேட்டாள்.

"வந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீதான் எனக்கு என்னென்ன வியாதின்னு எனக்கே சொல்லிட்டிருந்தே. சரி, இவளுக்குத் தெரிஞ்சிருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

"இந்த மூணு மாசத்துல சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மாப்பிள்ளை மேல கோபமா இருந்தே. தம்பி குதிச்சிட்டிருந்தான். அந்த ஊசியாலதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?" வண்டி நகர்ந்தது. "பையில என் கண்ணாடி இருக்கு. தொலைச்சிடாதே."

கதவு மூடியது.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. வராந்தாவில் இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. யார் எழுந்தாலும் எல்லாம் ஆடின. பெரியவள் பலமுறை எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். தொப்பி நனைந்திருந்தது.

"தாடை தப்பிச்சுது" என்றார். "தகடு தேவைப்படலை. செத்த எலும்பு கட்டை விரல் நகம் அளவுக்கு வந்துச்சு. அதுக்குக் கீழ நல்ல எலும்பு, ரத்தம் வருது. ரெண்டு அடுக்காத் தையல் போட்டு மூடியிருக்கேன். கீழ் உதடு கொஞ்ச நாள் மரத்துப்போன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. தையல் பிரியாம ரெண்டு வாரம் தாண்டினா நல்லது. சர்க்கரை ஏறக் கூடாது. அடுத்த ஊசியை என்னைக் கேக்காமப் போடக் கூடாது."

"போட மாட்டாங்க டாக்டர். தையல்காரம்மாகிட்டயும் சொல்லிடறேன். பல்லைத் தொட வேண்டியிருந்தா அவங்களும் முதல்ல இதைச் சொல்லணும்."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். சட்டையில் கிரீஸ் கறை, கையில் கருவிப் பை. அம்மா நலம் என்று கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். வரிசை முழுவதும் குலுங்கியது.

"அக்கா, மன்றத்துலேருந்து மதியம் பேசினாங்க" என்றான். "அத்தான் எழுத்துல பதில் குடுத்துட்டாராம். நோயாளிகிட்ட உடம்பு விவரம் கேட்டு எழுதி வாங்கின படிவத்தைக் காட்டுங்கன்னு இவங்க கேட்டிருக்காங்க. அப்படி எதுவும் வாங்கலை, சொந்தக்காரங்கன்னு கேக்காமலே பிடுங்கிட்டேன், தப்பு என்னோடதுதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். நான் சொன்னப்ப யாராவது நம்பினீங்களா?"

பெரியவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். படிவம் இங்கேயே இருக்கட்டும் என்று அவர் அவசரப்பட்டது இதற்காகத்தானா?

"அதுக்கு என்ன பண்ணுவாங்க?"

"ஆறு மாசமோ ஒரு வருஷமோ தொழில் பண்ணக் கூடாதுன்னு சொல்வாங்களாம். திங்கக்கிழமை கூப்பிட்டிருக்காங்க."

அவள் பையைத் திறந்தாள். மடித்த தாளை எடுத்து அவன் மடியில் வைத்தாள். ஊசியைப் பற்றிச் சொன்னாள். பதினைந்து நொடியைப் பற்றியும் சொன்னாள். எதையும் சுருக்கவில்லை.

தம்பி தாளைப் படித்தான். பதினான்காவது கேள்வியில் அவன் விரல் நின்றது. கீழே போனது.

"இது உன் எழுத்து."

"ஆமா."

"அப்ப அத்தான்..." அவன் தாளை மேலிருந்து மறுபடியும் பார்த்தான். "இதைக் கொண்டு போய்க் காட்டினா?"

"படிவமே வாங்கலைன்னு எழுதிக் குடுத்தது பொய்னு ஆயிடும்."

"காட்டலைன்னா?"

"கேக்காமப் பிடுங்கினார்னு ஆயிடும்."

"என்ன மனுஷன்க்கா இவர்?" தம்பியின் குரலில் அழுகை இருந்ததா, ஆத்திரம் இருந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் புகாரே போட்டிருக்க மாட்டேனே."

அப்போது அவள் போன் அடித்தது. கணவர்.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"தாடை தப்பிச்சுது. தகடு வைக்கலை."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு. பிறகு, "டிராயர்ல படிவம் இல்லை" என்றார். "நீ எடுத்துட்டுப் போயிருந்தா கிழிச்சுப் போட்டுடு. யார்கிட்டயும் காட்டாதே."

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கருவிப் பை மட்டும் தரையில் கிடந்தது. வராந்தா முனையில் தம்பி, தாளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே படிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"டேய், எங்க போறே?"

"மன்றம் அஞ்சரை வரைக்கும் திறந்திருக்கும்" என்றான் திரும்பாமலே.

"அங்க போய் என்ன சொல்லப் போறே?"

"அத்தான் படிவம் வாங்கியிருக்கார்னு" என்றபடி அவன் படி இறங்கினான்.

"யாரு? என்ன ஆச்சு?" என்றார் போனில் கணவர்.

"தம்பி. படிவம் அவன்கிட்ட இருக்கு. மன்றத்துக்குப் போறான்."

பதினான்கு வருடத்தில் அவளிடம் ஒரு முறைகூடக் குரல் உயர்த்தாத மனிதர் கத்தினார். "அவனைப் போக விடாதே. அதுல உன் கையெழுத்து இருக்கு."

அறுவை அறையின் கதவு திறந்தது. "டீச்சரம்மாவோட வந்தவங்க யாரு? கண் முழிச்சிட்டாங்க, உங்களைக் கேக்கறாங்க" என்றாள் நர்ஸ்.

"ரெண்டு நிமிஷம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் படிக்கட்டில் ஓடினாள். அவள் கடைசிப் படியைத் தொடும்போது, தம்பியின் பைக் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது.